இடப்பக்க இருக்கை

வெளித்தோற்றத்தைப் பார்த்துப் பழைய விமானம் இன்னதென்று சொன்னால் எங்கள் பழைய விமானப் பிரியர் சங்கத்தில் ஒருவரும் மதிக்க மாட்டார்கள். அது பள்ளிப் பிள்ளைகள் வேலை. விமானியறையின் படத்தை மட்டும் காட்டுவார்கள். மானிகளின் முள்ளையும் நெம்புகோலையும் பார்த்து வண்டியின் ஜாதகத்தையே சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் மழைக்கு ஒழுகும் தகரக் கொட்டகையில் பதினேழு கிழடுகள் வருடம் ஒருமுறை இதற்காக அடித்துக்கொள்ளும்.

இந்த வருடம் பரிசு பெரியது. கொட்டகையில் நிற்கும் எங்கள் ஆன்சன் விமானத்தின் எஞ்சின்களை, நாற்பது வருடத்துக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்க்கப் போகிறார்கள். பறக்காது, நின்ற இடத்திலேயே உறுமும். போட்டியில் ஜெயிப்பவர் அப்போது இடப்பக்கம் விமானி இருக்கையில் உட்காரலாம்.

அந்த இருக்கையை ஒன்பது வருடமாகத் துடைப்பவள் நான். எஞ்சின் ஓடும்போது ஒரே ஒரு தடவை அதில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று எனக்கு அப்படியொரு வெறி. சந்தாவும் ஒழுங்காகத்தான் கட்டுகிறேன். ஆனால் ஒவ்வொரு வருடமும் போட்டி நடக்கும்போது நான் உள்ளே கேக் வெட்டிக்கொண்டிருப்பேன். இந்தத் தடவை கத்தியைப் போட்டுவிட்டு வந்து வரிசையில் நின்றேன்.

"தெல்மா, நீங்க இங்க நின்னா டீ யாரு போடறது?" என்றார் தலைவர் க்ளைவ். ஓய்வுபெற்ற பல் மருத்துவர். ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்லியே பிழைத்த மனிதர், சங்கத்தில் மட்டும் யாரையும் வாய் திறக்க விடமாட்டார்.

"தண்ணி கொதிக்குது. கை இருக்கறவங்க போட்டுக்கலாம்."

"ஸ்பூன் எங்க இருக்குன்னே எங்களுக்குத் தெரியாதே!" என்றார் ட்ரெவர். கிண்டல் இல்லை. பாவம், நிஜமாகவே தெரியாது.

படம் காட்டுவது பக்கத்து ஊர்ச் சங்கத்து ஆள்தான். எங்கள் ஆள் காட்டினால் வெட்டுக்குத்தில் போய் முடியும். இந்தத் தடவை அங்கிருந்து டெஸ்மண்ட் வந்திருந்தார். விடையைச் சீட்டில் எழுதித் தூக்க வேண்டும். பெயர் மட்டும் போதாது, படத்தில் அதற்கு ஒரு சாட்சியை விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். தப்பாகச் சொன்னவர் உட்கார்ந்துவிட வேண்டும்.

இரண்டாவது படத்திலேயே பாதிப் பேர் ஸ்பிட்ஃபயர் என்று எழுதிவிட்டு உட்கார்ந்தார்கள். நான் ஹரிகேன் என்று எழுதி, வலப்பக்கம் நெம்புகோல் நகரும் அந்தக் கோணல்மாணல் பள்ளத்தைத் தொட்டேன். எங்கள் கொட்டகையில் அரை ஹரிகேன் கிடக்கிறது. அந்தப் பள்ளத்துக்குள் பழைய டூத் பிரஷை விட்டு அழுக்கெடுத்தவளுக்குத் தெரியாதா? ஆறாவது படத்தில் ட்ரெவரும் விழுந்தார். மிச்சம் க்ளைவும் நானும்.

"அதிர்ஷ்டம் ரொம்ப நேரம் நிக்காது, தெல்மா."

"கால் வலிச்சா நீங்க உக்காருங்க, க்ளைவ்."

ஏழாவது படத்தைப் பார்த்த மாத்திரத்தில் க்ளைவ் சிரித்துவிட்டார். ஆக்ஸ்ஃபோர்ட் என்று எழுதித் தூக்கினார். "வண்டியைத் திருப்பற இந்தக் கைச்சக்கரம் ஆக்ஸ்ஃபோர்ட் விமானத்துது. கண்ணைக் கட்டிட்டுத் தடவச் சொன்னாலும் சொல்லிடுவேன்."

எனக்கும் அது ஆக்ஸ்ஃபோர்ட் சக்கரமாகத்தான் தெரிந்தது. போச்சு, மறுபடி கேக் வெட்டத்தான் லாயக்கு என்று நினைத்தபோது படத்தின் அடியோரம் கண்ணில் பட்டது. இருக்கையின் ஒரு மூலை. பச்சை வரிவரித் துணி. அதில் பொத்தான் போட்ட ஒரு பாக்கெட்.

ஆன்சன் என்று எழுதித் தூக்கினேன். க்ளைவ் 'ச்சு' கொட்டினார். நான் நேரே போய் அந்தப் பாக்கெட்டைத் தொட்டேன்.

"விமானி இருக்கைக்கு எவனாவது பாக்கெட் வெச்சுத் தைப்பானா? இது என் புருஷன் டெனிஸோட கால்சட்டை. சலூன்காரியோட ஓடிப்போனப்ப விட்டுட்டுப் போனான். நம்ம ஆன்சன் சீட்டு கிழிஞ்சு கிடந்துச்சு, வெட்டித் தைச்சுப் போட்டேன். இது நம்ம வண்டி."

டெஸ்மண்ட் படத்தைத் திருப்பிக் காட்டினார். 'ஆன்சன். உங்கள் கொட்டகை, போன ஜூன்' என்று எழுதியிருந்தது.

"அப்ப அந்தச் சக்கரம்?" க்ளைவின் குரல் கீச்சிட்டது.

"ஏலத்துல ஆக்ஸ்ஃபோர்ட் சக்கரத்தை வாங்கிட்டு வந்து ஆன்சன்ல மாட்டினது யாரு? நீங்கதானே!" என்றேன்.

ட்ரெவருக்குச் சிரிப்பில் பிஸ்கட் புரையேறியது. அந்த இருக்கையில் அதிகம் உட்கார்ந்து தேய்த்தவரே க்ளைவ்தான். முள்ளைப் பார்த்த மனிதர் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

"கால்சட்டையெல்லாம் விமான அறிவுல சேராது! நான் ஒத்துக்க மாட்டேன்!"

"படத்துல இருக்கறதைத் தொட்டுக் காட்டணும். காட்டிட்டாங்க. விதியை எழுதினது நீங்க, க்ளைவ்," என்றார் டெஸ்மண்ட். "உக்காருங்க."

க்ளைவ் உட்கார்ந்தார்.

ஞாயிறன்று வலப்பக்கம் மெக்கானிக், இடப்பக்கம் நான். முதல் எஞ்சின் இருமியது, துப்பியது, பிடித்துக்கொண்டது. பிறகு அடுத்தது. நீலப் புகை. என் பல் கட்டு கடகடத்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இவ்வளவு சந்தோஷத்தை நான் அறுபத்தெட்டு வயதில் எதிர்பார்க்கவில்லை. வெளியே மழையில் தீயணைப்புச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு க்ளைவ் நின்றிருந்தார். கையாட்டினேன்.

எனக்கு அடியில் அந்தப் பச்சைத் துணி கிடுகிடுவென்று நடுங்கியது. பதினாறு வருடம் அந்தக் கால்சட்டைக்காரன் என் தலைமேல் உட்கார்ந்திருந்தான். நான் இன்னும் கொஞ்சம் அழுத்தி உட்கார்ந்தேன்.