முப்பத்தெட்டு நொடி

இருபது வருடம் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்த டீச்சருக்கு, இனி வரப்போகும் ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று ஆசை வந்தது. அதற்கு முனைவர் பட்டம் வேண்டும். பள்ளிக்கூடத்தையும் விடாமல், ஐந்து வருடம் சனி, ஞாயிறு பார்க்காமல் படித்து, ஆய்வேட்டை முடிக்கும் தறுவாயில் இருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைத்துவிட்டால், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் காலியாக இருக்கும் வேலை கைக்கு வந்த மாதிரிதான். தவறினால் வேறொருவருக்குப் போய்விடும்.

வகுப்பில் ஆசிரியர் எப்படிப் பேசுகிறார் என்பதுதான் ஆய்வு. முப்பது பயிற்சி மாணவிகள் பாடம் நடத்தியதைப் பதிவு செய்திருந்தார். ஆள் உட்கார்ந்தால் பிள்ளைகள் மிரளுவார்கள் என்று ஒலிப்பதிவுக் கருவியை மட்டும் மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுவார். பிறகு கேட்டுக் கேட்டு, கேள்வி, விளக்கம், பாராட்டு, கண்டிப்பு என்று படிவத்தில் நொடிக்கணக்கில் குறிப்பார். ஆசிரியர் வாய் திறக்காத நேரமெல்லாம் 'செயலற்ற நேரம்'. இந்தப் படிவத்தை வைத்துத்தான் கல்லூரியும் செய்முறைத் தேர்வுக்கு மதிப்பெண் போட்டது.

ஒன்பதாம் பதிவின் மாணவி அதில் தோற்றிருந்தாள். கேள்வி கேட்டுவிட்டு முப்பத்தெட்டு நொடி பேசவே இல்லை. வகுப்பு எப்படிக் கை நழுவிப் போகும் என்பதற்கு டீச்சர் அவளையே ஆய்வேட்டில் உதாரணமாகக் காட்டியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வழக்கம் போல ஒரு நிமிடம் கண்மூடிப் பிரார்த்தித்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்தார். காதில் மாட்டும் கருவி மக்கர் செய்ததால் பதிவைச் சத்தமாகவே ஓடவிட்டார். எதிரே கணவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தண்ணீர்ப் பம்பு பழுது பார்ப்பவர். சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவதால் தெருவில் அவருக்குக் 'காது மெக்கானிக்' என்று பெயர்.

"யாரு எழுதுறது?" என்றார் அவர்.

"எங்க? யாரும் பேசவே இல்லையே."

"பேசலைன்னா வேலை நடக்கலைன்னு ஆயிடுமா? இந்த வீட்டுல நான் பேசி எத்தனை நாளாச்சு, வேலை நடக்கலையா? நல்லாக் கேளும்மா. எழுதுறாங்க, அழிக்கிறாங்க, மறுபடி எழுதுறாங்க."

டீச்சர் சத்தத்தைக் கூட்டினார். சாக்பீஸ் பலகையில் தேயும் ஓசை மெல்லக் கேட்டது. நின்றது. துணி உரசியது. மறுபடி சாக்பீஸ். கடைசியில் ஒரு சிறுமியின் குரல், மூணு மிச்சம் வருது என்றது. அந்தப் பதிலை அவர் நூறு தடவையாவது கேட்டிருப்பார். அது எப்படி வந்தது என்று ஒரு தடவையும் யோசித்ததில்லை.

'கடவுளே, இதை வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் காட்டியிருக்கக் கூடாதா' என்றுதான் முதலில் மனதில் ஓடியது. காலையில் பிரார்த்தித்த அதே மனம்தானா இது என்று அவருக்கே வெட்கமாகிவிட்டது.

ஆய்வு நெறியாளருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார். நல்ல மனிதர். படிவமே தப்பு என்றால் முப்பதையும் திரும்பக் கேட்க வேண்டும், ஆறு மாதமாவது ஆகும், வேலை அதுவரை காத்திருக்காது என்றார். கொஞ்சம் தயங்கி, ஒன்பதாவதை மட்டும் நீக்கிவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்றும் சொன்னார்.

"பதிவை நீக்கிடலாம் சார். அந்தப் பொண்ணை எங்க நீக்குறது?" என்றார் டீச்சர்.

நெறியாளர் பெருமூச்சு விட்டார். அப்படியானால் வெள்ளிக்கிழமையை மறந்துவிடுங்கள் என்றார்.

மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுக் கல்லூரிக்குப் போனார். அந்த மாணவியை ஒரு காலி வகுப்பறைக்குக் கூப்பிட்டு, நடந்ததை ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டார். மதிப்பெண்ணைத் திருத்த எழுதிக் கொடுப்பதாகவும் சொன்னார்.

அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தார். அவளோ பையின் வாரை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"உண்மையைச் சொல்லிடுறேன் மேடம். முதல்ல நான் வேணும்னு நிறுத்தலை. அடுத்து என்ன சொல்லணும்னு மறந்துடுச்சு. பயந்துட்டேன். அதுக்குள்ள அந்தச் சின்னப் பொண்ணே எழுந்து போர்டுக்குப் போயிட்டா."

"தப்பாப் போட்டாளே, அப்போ?"

"அப்போ எனக்குப் பேச வாய் வந்துடுச்சு. சொல்லிடலாம்னு பார்த்தேன். அவளே அழிக்க ஆரம்பிச்சா. சரி, இருக்கட்டும்னு விட்டுட்டேன். மார்க்கு பழையபடியே இருக்கட்டும் மேடம்."

டீச்சருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. தூக்கிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் போயிருக்கலாம் இந்தப் பெண். இவளைப் போய் வகுப்பைக் கை நழுவ விட்டவள் என்று எழுதினோமே.

"பயத்துக்கு மார்க் போடலைம்மா. வாய் வந்த பிறகும் பேசாம இருந்தியே, அதுக்குப் போடுறேன். எனக்கு இருபது வருஷமா அது வரலை."

அவள் தலை குனிந்தபடியே சிரித்தாள்.

இந்தப் பெண் இப்போது சொன்னது எதுவும் பதிவில் இல்லையே என்று அப்போதுதான் டீச்சருக்கு உறைத்தது. அப்படியானால் மற்ற இருபத்தொன்பது பேரிடமும் போய்க் கேட்க வேண்டும். ஆறு மாதம் கூடப் போதாது போலிருந்தது.

"க்ளாஸ் இருக்கா உனக்கு இப்போ?"

"பத்தரைக்குத்தான் மேடம்."

"அப்போ உக்காரு. எந்த இடத்துல வாய் வந்துச்சுன்னு காட்டு" என்று டீச்சர் ஒலிப்பதிவுக் கருவியை இருவருக்கும் நடுவில் வைத்தார்.