வேலைத்தளம் என்றொரு பலகை

விளம்பரங்களுக்குச் சொல் தேடிக் கொடுப்பது என் தொழில். அதில் நான் கெட்டிக்காரன் என்று கொழும்பில் இரண்டு பேர் சொன்னார்கள். அதில் ஒருவன் நான். அந்தத் துணிவில், யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கம் ஊர்காவற்றுறையில் பூட்டிக் கிடந்த சித்தப்பா வீட்டில் ஆறு மேசை, ஆறு கதிரை, ஏசி, இணையம் எல்லாம் போட்டு ஒரு கோவேர்க்கிங் இடம் திறந்தேன். எழுதுபவர்களும் படம் கீறுபவர்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வேலை செய்வார்கள் என்பது எண்ணம். ஆங்கிலப் பெயர் வேண்டாமென்று மூன்று நாள் மண்டையைக் குடைந்து, 'தீவக வேலைத்தளம்' என்று வாசலில் பலகை மாட்டினேன்.

மூன்று மாதமாக ஒரு எழுத்தாளரும் எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் வந்தவர் அனலைதீவு யாகப்பு அண்ணை. படகு எஞ்சினோடு வந்தார்.

"தம்பி, ஸ்டார்ட் வருகுதில்லை. ஒருக்காப் பாரும்."

"அண்ணை, இது எஞ்சின் திருத்திற இடமில்லை. இருந்து யோசிக்கிற இடம்."

அவர் பலகையைப் பார்த்தார். இந்தப் பக்கத்தில் வேலைத்தளம் என்றால் பழுது திருத்துகிற பட்டறை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. "நானும் இருந்து யோசிக்கத்தான் வேணும். எங்க பிழையெண்டு தெரியேல்லை."

உள்ளே விட்டேன். இரக்கத்தால் அல்ல. சிறுவர் புத்தகங்களுக்குப் படம் கீறும் என் மனைவி நிசாந்தினி, சனிக்கிழமை கொழும்பிலிருந்து இடம் பார்க்க வருவதாக இருந்தது. "தனிய இருந்து கீற எனக்கு ஏலாது. ஆக்கள் இருந்தாத்தான் வருவன்" என்று சொல்லியிருந்தாள். அவளுக்கு ஒன்றைத் தவிர மேசையெல்லாம் நிரம்பிவிட்டது என்று நான் புளுகியிருந்தேன். அவள் இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தச் சொல் வியாபாரிக்கு வாய் வரவில்லை.

சனிக்கிழமைக்குள் கதை பரவிவிட்டது. ஓடாத தையல் மிசினோடு ஞானசவுந்தரி அக்கா, ஸ்பனர் பெட்டியோடு டெனிஸ்ரன், கிழிந்த வலையோடு வலைக்காரர் இரண்டு பேர். அறை முழுக்க எண்ணெய் மணம். நிசாந்தினி வாசலில் நின்றாள்.

"இவையளோ உங்கட எழுத்தாளர்கள்?"

நான் தேத்தண்ணி ஊற்றத் திரும்பினேன். யாகப்பு அண்ணைதான் சொன்னார்: "பிள்ளை, தம்பிக்கு ஒரு வேலையும் தெரியாது. ஆனா இருக்க இடம் தருவார், தேத்தண்ணி தருவார். தெரியாததை நாங்கள் ஆளுக்காள் கேட்டுச் செய்வம்."

"இவர் மூண்டு மாதமா விளங்கப்படுத்தினது இப்பத்தான் எனக்கு விளங்குது" என்றாள் நிசாந்தினி. ஸ்பனர் பெட்டியைக் கொஞ்சம் தள்ளச் சொல்லி, ஆறாவது கதிரையை இழுத்துப்போட்டு, படத்தாளை விரித்தாள்.

என் புளுகு உண்மையாகிவிட்டது. எனக்கு மட்டும் கதிரை இல்லை.