கூடத்துக் கடல்

நயாரா போன பிறகு அவளுடைய கடலைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தது. கூடத்தில் சுவரை அடைத்து நிற்கும் கண்ணாடித் தொட்டி. அதற்குள் பாறை, பவளம், ஒரு ஜோடி கோமாளி மீன், நடுவில் கடல் சாமந்தி. பெயரில்தான் சாமந்தி. அது பூ அல்ல, விலங்கு. பாறையில் காலை ஊன்றிக்கொண்டு, விரல் விரலாக நீட்டி அலையும். கோமாளி மீன்கள் அந்த விரல்களுக்குள் படுத்துத் தூங்கும். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நயாரா அதை வளர்த்தாள். வீட்டில் உன்னைவிட அதுதான் சீனியர் என்பாள்.

ஜனவரியில், அலுவலகத்தில் காப்பி வாங்க நின்றிருந்தபோது அவள் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. முப்பத்தொரு வயது. வேறு சொல்ல எதுவும் இல்லை.

அடக்கத்துக்கு வந்த அவள் அம்மா, தோனா வால்தெலிசி, ஊருக்குத் திரும்பவில்லை. மூத்த பெண்களைத் தோனா என்பது எங்கள் பக்கத்து மரியாதை. நானும் போகச் சொல்லவில்லை. அவர் மரவள்ளி அடை சுட்டார், நான் தின்றேன். மகளின் துணி இருந்த அலமாரியை இருவருமே திறக்கவில்லை.

பிப்ரவரி இரண்டாம் தேதி எங்கள் ரியோ வெர்மெல்யோ கடற்கரையில் இயெமான்ஜாவுக்கு விழா. கடலின் தாய் அவள். விடியும் முன்பே வெடி தொடங்கிவிடும், பிறகு மேளம். வெள்ளை உடுத்திய ஜனம் பூவும் சீப்பும் கண்ணாடியும் லாவெண்டர் வாசனைத் தண்ணீர் பாட்டிலுமாக, கடலில் காணிக்கை விட வரிசையில் நிற்கும். வருடா வருடம் நயாராதான் விழாவுக்கு வரும் அம்மாவைக் கைப்பிடித்து அழைத்துப்போவாள். இந்த வருடம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நான் வேலைக்குப் போனேன். காப்பீட்டு நிறுவனத்தில் புள்ளிவிவரம் பார்ப்பது என் வேலை. அலுவலகத்தில் பாதி நாற்காலிகள் காலி.

மாலை திரும்பியபோது கூடத்துத் தரையில் நுரை. தொட்டியின் அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி பொங்கி வழிந்திருந்தது. சாமந்தி மூடிய கை அளவுக்குச் சுருங்கியிருந்தது. விரல்களைக் காணோம். நடுவில் வாய் பிளந்து கிடந்தது. கோமாளி மீன்கள் ஆளுக்கொரு மூலையில் நின்றன.

சூடு பார்த்தேன், உப்பு பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அன்று ஊர் முழுக்க லாவெண்டர் வாசனை. ஜன்னல் வழியாக வந்தது, மாடிப்படியில் இருந்தது, பக்கத்து வீட்டாரின் சட்டையில் இருந்தது. அதனால் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

மறுநாள் ஜில்மாரியோ வந்தார். பல் மருத்துவர். நயாராவின் மீன் வளர்ப்போர் குழுவில் அவளோடு ஓயாமல் சண்டை போட்டவர். குனிந்து தொட்டியைப் பார்த்தார்.

"ராசா, இது என்ன இப்படி வாயப் பொளந்துக்கிட்டு கெடக்கு? இருபது வருசமாப் பல்லு புடுங்குறவன் நான். இப்படி ஒரு வாயப் பாத்தாக் கை பரபரங்குது."

நான் விளக்கைக் கொஞ்சம் நகர்த்திப் பிடித்தேன்.

"சிரிக்கலாம்யா. ஒண்ணும் குத்தம் இல்ல."

"சிரிச்சேன்."

"எங்க சிரிச்ச? உள்ளுக்குள்ளயா?" என்றபடி கருவியின் நுரைக் கோப்பையைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறியது. மறுபடி முகர்ந்தார். "இதுல எங்க அத்தை அலமாரி வாசன அடிக்குது. லாவெண்டர். யாருப்பா தொட்டிக்கு சென்ட் போட்டது?"

சமையலறை வாசலில் தோனா வால்தெலிசி கரண்டியோடு நின்றிருந்தார்.

"நான்தான்."

நாங்கள் திரும்பினோம். அவர் கரண்டியைப் பார்த்தபடியே பேசினார்.

"நேத்துக் காலைல கீழ எறங்கிப் போனேன். அந்த மீன் சந்தை முக்கு வரைக்கும் போயிட்டேன். அதுக்கு மேல கால் வரல. எல்லாரும் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு நிக்கிறாங்க. வந்துட்டேன். இதுவும் கடல் தண்ணிதான? அவ கடல்தான? அதான் இங்கயே ஊத்துனேன்."

"எவ்வளவு ஊத்துனீங்க தோனா?" என்று கேட்டார் ஜில்மாரியோ.

"ஒரு மூடி. அப்புறம் மனசு கேக்கல. இன்னொரு மூடி."

"பாட்டில்ல மிச்சம் இருக்கா?"

"முக்காவாசி இருக்கு."

"அப்பப் பொழைக்கலாம்" என்றார் ஜில்மாரியோ. என்னிடம் திரும்பினார். "கரிப் பைய உள்ள தொங்க விடு, வாசனைய அதுதான் குடிக்கும். தண்ணியக் கொஞ்சங் கொஞ்சமா மாத்து, ஒரேயடியா மாத்துனா அந்த அதிர்ச்சிலயே போயிரும். வெளக்கக் கொறை. இரை வேண்டாம். முக்கியமா, கைய உள்ள விடாத. பாவம்னு தொட்டுத் தொட்டே கொல்றானுங்க. எல்லாம் பாசத்துல பண்றதுதான்." சட்டென்று நிறுத்தினார். "உங்களச் சொல்லல தோனா."

"என்னத்தான் சொன்ன. பரவால்ல. அடை சூடா இருக்கு, தின்னுட்டுப் போ."

அவர் தின்றுவிட்டுத்தான் போனார்.

மாற்றுத் தண்ணீருக்குக் கரைக்குப் போக முடியாது. விழா முடிந்து சில நாளைக்கு அங்கே கடலும் வாசனைத் தண்ணீர்தான். அது நயாராவுக்குத் தெரியும். அதனால் விழாவுக்கு முன்பே மீன்படகில் ஏறிப்போய், கரை மறைகிற தூரத்துத் தண்ணீரைக் கேன்களில் நிரப்பி வந்து, பால்கனியில் கறுப்புத் துணி போர்த்தி வைப்பாள். இந்த வருடமும் வைத்திருந்தாள். துணியை எடுத்தேன். மூடிகளை அவள்தான் திருகியிருந்தாள். அவள் கை பலமான கை. திறக்க எனக்குத் துணி சுற்றிப் பிடிக்க வேண்டியிருந்தது.

கேனைத் தூக்க மாமியார் கூட வந்தார். நான் வேண்டாம் என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. ஊற்றும்போது நுரைக் கோப்பை மறுபடி நிரம்பியதைப் பார்த்துவிட்டு அவர் அப்படியே உட்கார்ந்தார்.

"திருப்பிக் குடுத்துட்டா."

"யாரு?"

"அவதான், கடல் தாய். குடுத்தது கரைக்குத் திரும்பி வந்தா ஏத்துக்கலைன்னு அர்த்தம். பூக்கூடையா இருந்தாலும் சரி, எதுவா இருந்தாலும் சரி. இங்க பாரு, நான் ஊத்துனத அப்படியே வெளிய தள்ளுறா."

"தோனா, அந்த மெஷின் வேலையே அதான். எண்ணெய்ப் பசையக் காத்துக் குமிழில ஒட்ட வச்சு வெளிய தள்ளும். யாரு ஊத்துனாலும் தள்ளும்."

"நீ படிச்சவன். சரியாத்தான் இருக்கும்."

"என்ன கேட்டீங்க அவகிட்ட?"

"கேக்க என்ன இருக்கு? என் பொண்ணப் பாத்துக்கோன்னேன். அங்க அவளுக்கு யாரையும் தெரியாது."

நான் கேனின் மூடியை எடுத்துத் திருகினேன். கேன் காலிதான். இருந்தும் திருகினேன்.

அதன்பின் அந்தச் சாமந்தி வெறும் சாமந்தியாக இல்லை. அது செத்தால், மகளை யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை என்று அந்த அம்மாள் முடிவு செய்துவிடுவார். அவர் அதைச் சொல்லவில்லை. ஆனால் அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வந்து தொட்டி முன் நிற்பார், தீய்கிற வாசனை வந்ததும் ஓடுவார். எனக்கும் வேறு வேலை இல்லை. அலுவலகத்தில் விடுப்பு சொன்னேன். கரிப் பையை மாற்றினேன். தண்ணீரை மாற்றினேன். மிச்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். உள்ளே கைவிடாமல் இருப்பதுதான் கஷ்டமான வேலை.

ஒரு நாள் காலையில் சாமந்தி பாறையை விட்டுவிட்டது. கால் நழுவி, தண்ணீர் ஓட்டத்தில் புரண்டு, பம்பு உறிஞ்சும் வாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பம்பை நிறுத்திவிட்டு ஜில்மாரியோவைக் கூப்பிட்டேன்.

"எடுத்து மோந்து பாரு ராசா. செத்தது நாறும், சாதாரண நாத்தம் இல்ல, தெரு முனை வரைக்கும் போகும். கையில கரைஞ்சு ஒழுகும். அப்படி இருந்தா உடனே வெளிய எடுத்துரு, இல்லைன்னா மீனையும் கூட்டிக்கிட்டுப் போயிரும்."

கையைக் கழுவி உள்ளே விட்டேன். சின்னதாக, சில்லென்று இருந்தது. மேலே எடுத்து முகர்ந்தேன். கடல் வாசனை மட்டும்தான். கரையவில்லை. மாமியார் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உயிரு இருக்கு" என்றேன்.

"பம்ப நிறுத்தியே வச்சிரலாமா?"

"நிறுத்துனா மூச்சுக்குக் காத்து இருக்காது. அந்த வாய மெல்லிசா எதையாவது போட்டு மூடணும். தண்ணி போகணும், இது போகக் கூடாது."

அவர் உள்ளே போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. நெடுநேரம் வேறு சத்தம் இல்லை. பிறகு நயாராவின் கறுப்பு நைலான் காலுறை ஒன்றோடும் கத்தரியோடும் வந்தார். ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் அரிக்கிறது என்று அவள் உரித்து எறிந்த காலுறை.

"வெட்டு" என்றார்.

"நீங்களே வெட்டுங்க."

"என்னால ஆவாது மகனே."

வெட்டினேன். பம்பு வாயில் இழுத்துக் கட்டினேன். பழம் வைக்கும் பிளாஸ்டிக் கூடை ஒன்றைத் தண்ணீரின் ஓட்டம் குறைந்த மூலையில் இறக்கி, சாமந்தியை அதற்குள் விட்டேன். கையை எடுத்தேன்.

ஜில்மாரியோ தினமும் செய்தி அனுப்பினார். வாய் எப்படி இருக்கிறது என்று கேட்பார். திறந்திருக்கிறது என்பேன். நயாராவும் அப்படித்தான், மூடவே மாட்டாள் என்று ஒரு நாள் எழுதினார். எழுதியதை உடனே அழித்துவிட்டார். நான் அதற்குள் படித்திருந்தேன். அழிக்காமலே இருந்திருக்கலாம்.

கேன்களில் கடைசியையும் ஊற்றி முடித்த வாரத்தில் வாய் மூடியது. முதலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அடுத்த நாள் சாமந்தி கூடையை விட்டு ஏறி, முன்பக்கக் கண்ணாடியில் காலை ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய பாறைக்குப் போகவில்லை. நிறம் வெளிறி, பாதிகூடத் தேறாத உடம்பு. ஆனால் விரல்கள் நீண்டிருந்தன. பெரிய கோமாளி மீன் வந்து தயங்கி, ஒரு முறை உரசிப் பார்த்து விலகியது. மறுபடி வந்தது. உள்ளே புகுந்து படுத்துக்கொண்டது.

"தோனா" என்று கூப்பிட்டேன்.

அவர் ஈரக் கையோடு வந்தார். குனிந்து பார்த்தார். மூக்கு கண்ணாடியில் படும் அளவுக்கு நெருங்கிப் பார்த்தார்.

"பொழச்சிருச்சா?"

"பொழச்சிருச்சு. நிறம் வர மாசக் கணக்காகும். ஆனாப் பொழச்சிருச்சு."

"அப்ப ஏத்துக்கிட்டா."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். இத்தனை நாளும் அதற்காகத்தானே உட்கார்ந்திருந்தோம். அவர் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். முகம் கோணியது. அடக்கத்தின்போதுகூட அந்தச் சத்தம் அவரிடமிருந்து வரவில்லை.

"ஏத்துக்கிட்டா மகனே. என் பொண்ண வச்சுக்கிட்டா. இனி தர மாட்டா."

நான் ஒரு அடி முன்னால் வந்தேன்.

"கரைக்குத் திரும்பி வந்ததை நாம எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போகலாம். போன வருசம்கூட ஒரு பொம்பள தன்னோட கூடைய எடுத்துக்கிட்டுப் போனா, நயாரா அதப் பாத்துச் சிரிச்சா. இந்தக் கடல் தாய் வேணாம்னு சொல்லிருக்கக் கூடாதா? எனக்கு வேணாம், நீயே வச்சுக்கோன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா?"

கரியைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததெல்லாம் வாய் வரை வந்தது. நாற்காலியை இழுத்து அவர் பின்னால் போட்டேன். அவர் உட்காரவில்லை. நானும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.