எட்டுப் பேருக்கு இடம்

கள்ளக்குறிச்சியில், மலை விளைச்சலை வாங்கி விற்கிற ஒரு உழவர் கம்பெனியில் போன் பார்த்துக்கொள்ளும் வேலை மணிமொழிக்கு. கல்வராயன் மலையில் கம்பெனிக்கு ஏழு கொள்முதல் சென்டர்கள். மழை, மண்சரிவு என்று ஏதாவது ஆனால் எல்லோரையும் ஒரே அழைப்பில் சேர்த்துப் பேச ஆபீஸ் போனில் வசதி உண்டு. வசதி என்று பேர்தான்; எட்டு இணைப்புக்கு மேல் தலைகீழாக நின்றாலும் சேர்க்காது.

போன ஐப்பசியில் மலைப்பாதையில் மரம் விழுந்த அன்று, கம்பெனி ஜீப் ஓட்டுகிற அவள் புருஷன் பகலவன் மேலேயே மாட்டிக்கொண்டான். மாட்டினவன் கரியாலூர் சென்டரில் பத்திரமாக உட்கார்ந்து களியை வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்தான். அதைச் சொல்லத்தான் வழியில்லை. கரியாலூர் சென்டர் பட்டியலில் கடைசி. அவர்கள் எத்தனை தடவை கூப்பிட்டும் இடமில்லை என்றே மெஷின் சொன்னது. பேச்சு முடிந்து லைன் காலியாவதற்குள் டவருக்குக் கரண்ட் போய்விட்டது. மறுநாள் மதியம் அவன் வாசலில் வந்து நிற்கிற வரைக்கும் மணிமொழிக்கு உயிர் உயிராக இல்லை.

இந்த வருஷம் மழைக்கு முன்பே ஜெனரல் மேனேஜர் விஜயராகவன் அவளைக் கூப்பிட்டார்.

“பெரிய போன் மெஷின் தை மாசந்தாம்மா வரும். அதுவரைக்கும் எட்டுல சமாளிக்கிற மாரி ஒரு பிளான் போடு. கடைசி மூணு சென்டர உட்டுடு. அவங்களுக்கு அப்பறமா சொல்லிக்கலாம்.”

கடைசி மூணில் கரியாலூரும் உண்டு. ஆபீஸில் விஜயராகவனையும் சேர்த்து மேனேஜர்கள் நாலு பேர்; நாலு பேருக்கும் நாலு ரூம், நாலு போன். அதற்கே நாலு இடம் போய்விட்டால் மலைக்கு மிச்சம் நாலே நாலு. மரம் விழுவதென்னவோ மலையில், இடமென்னவோ ஏசி ரூமுக்கு!

ஒத்திகை வைத்தார்கள். நாலு மேனேஜர்களும் அவரவர் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு “ஹலோ, ஹலோ” என்றார்கள். நடுவில் போக்குவரத்து மேனேஜர் தீனதயாளன் தும்மினார். தும்மல் முதலில் சுவர் வழியாக வந்தது, பிறகு போன் வழியாக வந்தது. மணிமொழி பேனாவைக் கீழே வைத்தாள். பத்தடி தூரத்தில் இருக்கிறவர்களுக்கு எதற்கு நாலு இடம்?

“எல்லாரும் ஜிஎம் சார் ரூம்ல ஒரே போன்ல பேசினா இன்னா சார்?” என்று குடோன் மேனேஜர் சக்கரவர்த்தியிடம் மெல்லக் கேட்டாள்.

“அவரு ரூமுக்கு நான் எதுக்கும்மா போவணும்? வேணும்னா அவரு வரட்டும்.”

தீனதயாளனும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் காரமாக. கௌரவம் என்று வந்துவிட்டால் யார் பேச்சும் எடுபடாது. ஆனால் அந்த நாலு பேரும் தினம் ஒன்றரை மணிக்கு ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒருத்தர் டப்பாவில் ஒருத்தர் கைவிட்டுச் சாப்பிடுகிறவர்கள். அந்தச் சாப்பாட்டு ரூம் யாருடைய ரூமும் இல்லை. மணிமொழி ஸ்டூல் போட்டு ஏறி, ஒயரைத் தானே இழுத்து, ஸ்பீக்கர் போனை ஊறுகாய் பாட்டில் பக்கத்தில் வைத்தாள். அடுத்த ஒத்திகையை ஒன்றரை மணிக்கு என்று போட்டாள்.

வந்தார்கள், சாப்பிட்டார்கள், பேசினார்கள். மேஜைக்கு ஒன்று, மலைக்கு ஏழு. யாரும் யார் ரூமுக்கும் போகவில்லை.

ஐப்பசி பிறந்து பத்தாம் நாள் சாயங்காலம் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. மலைப்பாதையில் ரெண்டு இடத்தில் மரம். பகலவன் காலையிலேயே ஜீப்பை எடுத்துக்கொண்டு மேலே போயிருந்தான். அவன் போன் கிடைக்கவில்லை. நாலு மேனேஜர்களும் சொல்லாமலே சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிட்டார்கள். மணிமொழி ஒவ்வொரு சென்டராகக் கேட்டாள்.

“வெள்ளிமலை, ஜீப் அங்க வந்துச்சா?”

“காலைல வந்துட்டு அப்பவே கெளம்பிட்டாருக்கா.”

அடுத்த சென்டரில் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. ஆறு சென்டர் முடிந்தபோது அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “நீ உக்காரும்மா” என்று விஜயராகவன் தன் நாற்காலியை அவளுக்குத் தள்ளிவிட்டு, கரியாலூரைத் தானே கூப்பிட்டார்.

“இங்கதாங்க கீறாரு சார்!” என்றாள் கரியாலூர் செங்கம்மாள். “ஜீப்பு பள்ளத்துல எறங்கிடுச்சு. நனைஞ்சிக்கினே நடந்து வந்தாரு. இந்தாங்கண்ணே, பேசுங்க.”

“மணி...” என்றது பகலவன் குரல்.

“யோவ்! பள்ளத்துல எறக்குற வரைக்கும் கண்ண எங்க வெச்சிக்கினு இருந்த? மழ வரும், கம்பளிய எடுத்துக்கினு போன்னு படிச்சிப் படிச்சி சொன்னனா இல்லியா?”

மேனேஜர்கள் நாலு பேரும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள்.

“யக்கா, ஏழு சென்டரும் கேட்டுக்கினு கீறோம்” என்றாள் செங்கம்மாள்.

“கேக்கட்டும்டி! ஏழும் கேக்கணும்னுதானே இந்தப் பாடு பட்டேன்” என்று சொல்லி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து திட்ட ஆரம்பித்தாள் மணிமொழி.