பதினாலாம் பக்கத்து ஓட்டல்

கிட்டே நகர்ந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. ஒரு கதை சொல்லப் போகிறேன். எனக்கு வயிறு எரிந்த கதை. கேட்டால் உங்களுக்கும் எரியும்.

வேலை முடிந்து வருகிற பெரியவர்களுக்கு ஓர் ஆங்கில வகுப்பு. டாக்சிக்காரர், சமையல் ஆள், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற அம்மா என்று பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு தேவை, புத்தகமோ ஒன்றே ஒன்று. எந்த நாளில் எந்தப் பக்கம் என்று வகுப்பு மேற்பார்வையாளர் தேதி போட்டுக் கொடுத்திருந்தார். டீச்சரும் வாய் பேசாமல் அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தாள்.

தரை துடைக்கிற அம்மா எப்போதும் மூச்சிரைக்க ஓடிவருவாள். அதனால் அவசரக்கா என்று பெயர். ஒருநாள் இரண்டு சின்னக் கேன்களைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"டீச்சர், தரை துடைக்க வேலையில புதுசா குடுத்திருக்காங்க. இதுல என்ன போட்டிருக்குன்னு சொல்லுங்களேன்."

"பதினாலாம் பக்கம் முடியட்டும்மா."

பதினாலாம் பக்கத்தில் ஓட்டலில் அறை எடுக்கிற பாடம். கடல் தெரிகிற அறை வேண்டும் என்று அவசரக்கா பத்துத் தடவை சொன்னாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. கேன்கள் பைக்குள்ளேயே திரும்பிப் போயின.

மறுவாரம் அவளைக் காணோம். அதற்கடுத்த வாரம் மெதுவாக வந்தாள். குரல் கரகரவென்று உடைந்திருந்தது. இரண்டு கேன் திரவத்தையும் ஒரே வாளியில் ஊற்றியிருக்கிறாள். எழும்பிய நெடியில் சுருண்டு விழுந்து, தான் துடைக்கிற வார்டிலேயே நான்கு நாள் படுத்திருக்கிறாள்.

"இதுல கையெழுத்து கேக்குறாங்க டீச்சர். நாளைக்குக் குடுக்கலேன்னா வேலை இல்லையாம்."

ஆங்கிலக் காகிதம். கேனில் இருந்த எச்சரிக்கையைப் படித்துப் புரிந்துகொண்டேன், தவறு என்னுடையது என்று அதில் இருந்தது. டீச்சர் அர்த்தம் சொன்னதும் டாக்சிக்காரர் எழுந்தே விட்டார்.

"அடப்பாவிகளா! மூக்குல விஷத்த ஏத்திட்டு, பழிய மூக்கு மேலயே போடுறானுங்களா?"

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது, முதலில் தன்மேல்தான். புத்தகத்தை மூடினாள். "இன்னிக்குப் பாடம் இந்தக் காகிதம்."

டாக்சிக்காரர் ஆஸ்பத்திரி அதிகாரியாக நடித்து விறைப்பாக உட்கார, அவசரக்கா ஒவ்வொரு வரியாகப் படித்துக் கேள்வி கேட்டுப் பழகினாள். நடுவில் மேற்பார்வையாளர் நுழைந்தார்.

"இன்னிக்கு இருபதாம் பக்கமாச்சே? ஒரு ஆளுக்காக எல்லாரையும் நிறுத்துவீங்களா?"

"சார், அன்னிக்கு உங்க தேதியப் பாத்தேன், இவங்க கையில இருந்தத பாக்கல. இனிமே இவங்க கொண்டு வர்றதுதான் பாடம். பிடிக்கலேன்னா வேற ஆளப் பாத்துக்கோங்க."

"மேல எழுதிப் போடுறேன்," என்று அவர் விருட்டென்று வெளியேறினார்.

"போடட்டும் டீச்சர், அதையும் பாடமா வெச்சுக்கலாம்," என்றார் டாக்சிக்காரர்.

மறுநாள் அதிகாரியின் மேசைமேல் அவசரக்கா காகிதத்தை வைத்தாள், கையெழுத்துப் போடாமலே. உடைந்த குரலில், ஆங்கிலத்தில் கேட்டாள்: "இதை எனக்கு யார் படிச்சுக் காட்டினது? எப்போ?"

யாரும் படித்துக் காட்டவில்லை என்பது அதிகாரிக்கே தெரியும். போய் வேலையைப் பார்க்கச் சொல்லிவிட்டார். காகிதம் இழுப்பறைக்குள் போனது. அவசரக்கா அன்றுதான் முதல்தடவையாக அவசரமில்லாமல் நடந்து போய்த் தன் வாளியை எடுத்தாள்.

உங்கள் வீட்டில் யார் எதைக் கேட்டாலும், கேட்ட நேரத்தில் பதில் கிடைக்கட்டும். புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாமல், பிள்ளைகுட்டிகளோடு நன்றாக இருங்கள், என் செல்வங்களே.