டேனரி வாசனை

"இன்னாவோ தீயுற வாசம் வருதுங்க" என்றாள் பிரிசில்லா.

"பேரணாம்பட்டு வந்துடுச்சுன்னு அர்த்தம்" என்றான் தானியேல். "டேனரி வாசனை."

பிரிசில்லா, தோல் பதனிடும் டேனரிகள் நிறைந்த ஆம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள். ஊறுகிற தோலின் நாற்றம் எது, சுண்ணாம்பின் நாற்றம் எது, தோல் துணுக்குகளைக் கொளுத்துகிற நாற்றம் எது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இது அவற்றில் எதுவும் இல்லை. சருகும் ரப்பரும் சேர்ந்து கருகுகிற மாதிரி இருந்தது. ஆனால் கணவன் எதிரில் வாசனையைப் பற்றி வாய் திறக்க முடியாது. ஷூ கம்பெனியில் அவன் குவாலிட்டி செக்கர். ஒருமுறை ஷூ வாங்க வெளிநாட்டிலிருந்து வந்த யாரோ ஒரு பையர், அவன் தோலை மோந்து பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "குட் நோஸ்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனானாம். அன்றிலிருந்து அந்த மூக்கு வீட்டில் ஒரு மாமனாரைப் போல உட்கார்ந்துவிட்டது. பால், குழம்பு, அவள் தம்பி வாங்கிவந்த மீன், எல்லாம் மூக்குக்குக் கீழே போய்த்தான் வெளியே வரும். பாதி ரிஜெக்ட் ஆகும். அவன் போட்டிருந்த ஷூ, பெல்ட், பர்ஸ் எல்லாம் கம்பெனி கழித்துப்போட்ட ரிஜெக்ட் என்பதை அந்த மூக்கு என்றைக்கும் கண்டுகொண்டதில்லை.

மானேஜர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதைவிட, மானேஜர் வாசலில் புதுக் காரை நிறுத்தப் போய்க்கொண்டிருந்தார்கள் என்று சொல்வதுதான் சரி. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட அவன் இன்னும் பிரிக்கவிடவில்லை. வேர்வையில் அவளுடைய பட்டுப்புடவை அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"அடியில ஏதோ ஒரசுதுங்க. எறங்கிப் பாருங்களேன்."

"அந்தக் கெழவியோட கொள்ளு. தானா உதுந்துடும். அதுக்கு நான் இந்தப் பேண்ட்டோட ரோட்ல மண்டி போடணுமா?"

அவன் இறங்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். காரணம் பேண்ட் இல்லை. சற்று முன் பட்ட அவமானம்.

வந்த வழியில் ஒரு வளைவில் வள்ளியம்மாள் என்ற அம்மாள் பாதி ரோட்டை மறித்து, பிடுங்கிக் காயவைத்த கொள்ளுச்செடியைப் பரப்பியிருந்தாள். ஓரத்தில் கல் வரிசை. போகிற பஸ்ஸும் லாரியும் மேலே ஏறி ஏறி நெற்றை உடைத்துக் கொடுத்துவிடும். பிறகு கூட்டிப் புடைத்தால் போதும். அந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். எந்த டிரைவரும் அதற்காக நிற்பதில்லை, ஏறிப் போய்க்கொண்டே இருப்பான். தானியேல் மட்டும் சரியாக அதன் நடுவில் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினான்.

"ஏய், ரோடு இன்னா உங்கப்பன் வூட்டுக் களமா?"

"போயிடு சார். மேல நிக்காத. பின்னால பஸ்ஸு வருது."

"நிப்பேன், போவேன், என் இஷ்டம். டாக்ஸ் கட்டறவன் நானு. உனக்கு ஓசியில போர் அடிச்சுத் தரணுமா? இந்தா, வாங்கிக்க!"

ரிவர்ஸில் வந்தான். முன்னால் பாய்ந்தான். மறுபடி ரிவர்ஸ். சக்கரம் சுற்றிச் சுற்றிச் செடியை உள்ளே இழுத்தது. வள்ளியம்மாள் திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்திருப்பான். அவளோ கவைக்கொம்பை ஊன்றிக்கொண்டு, சிதறித் தெறிக்கிற கொள்ளைச் சந்தோஷமாகப் பார்த்தாள்.

"நல்லா இருப்ப சார். அந்த ஓரத்துலயும் ரெண்டு வாட்டி ஓட்டிடேன்."

பிரிசில்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அவன் அதைப் பார்த்துவிட்டான். அதற்குப் பிறகு கீழே குனிந்து அந்தக் கொள்ளை உருவி எடுக்க எந்த ஆண்பிள்ளைக்கு மனம் வரும்?

இப்போது பானெட் இடுக்கிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது.

"ஏசி கேஸு" என்றான்.

இதில் மர்மம் எதுவும் இல்லை. காய்ந்த கொடி அச்சில் சுற்றிக்கொண்டு, சூடேறிய சைலன்சர் குழாயில் போய் ஒட்டியிருந்தது. ஓட ஓடக் கருகி, காற்றுப் பட்டதும் பற்றிக்கொண்டது. அடுப்பு மூட்டத் தெரிந்த எவருக்கும் புரிகிற கணக்கு. நல்ல மூக்கு உள்ளவனுக்குத்தான் புரியவில்லை.

தீ நாக்கு வெளியே நீண்டபோது தானியேல் குதித்து இறங்கினான். பின்சீட்டிலிருந்து அவன் முதலில் எடுத்தது மானேஜருக்கு வாங்கிய சுவர்க்கடிகாரத்தை. பிரிசில்லா, ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு தானாகவே இறங்கினாள்.

எரிகிறது என்று தெரிந்ததும் அந்த வளைவிலிருந்து முதலில் ஓடிவந்தவள் வள்ளியம்மாள்தான், இடுப்பில் குடிதண்ணீர்க் குடத்தோடு. பச்சைத்தோல் ஏற்றிவந்த மினி லாரிக்கார மக்பூல் அகமது வண்டியை நிறுத்தி, தோல் கெடாமலிருக்க அடியில் போட்டிருந்த உப்பை வாரி வாரி இறைத்தான்.

"யோவ், உப்பைக் கொட்டறியே! இது இன்னா கருவாடா?" என்று கத்தினான் தானியேல்.

"வண்டில மண்ணு இல்ல, உப்புதான் இருக்கு. இருக்கறததான சார் போட முடியும்?" என்றான் மக்பூல்.

குடத்துக்கும் உப்புக்கும் அடங்கவில்லை. கார் தன் இஷ்டத்துக்கு எரிந்து, தன் இஷ்டத்துக்குத்தான் அணைந்தது. அப்புறம் ஏட்டு வந்தார்.

தானியேல் இங்கிலீஷும் தமிழுமாக ஆரம்பித்தான். இன்சூரன்ஸ்காரன் கேட்பான், இது விபத்தில்லை, இந்தக் கெழவியின் வேலை, இவள்மேல் கேஸ் போட்டே ஆகவேண்டும் என்றான்.

"ஏம்மா, உன் கொள்ளுதானா?" என்றார் ஏட்டு.

"என்னுதுதான் சார். இல்லன்னு சொல்லுவனா?"

"பாத்தீங்களா, ஒத்துக்கறா சார், ஒத்துக்கறா!"

"எல்லாத்தையும் அள்ளி ஆட்டோல போடு. ஸ்டேஷனுக்கு வா" என்றார் ஏட்டு அவளிடம்.

"அள்ளிட்டுப் போயிட்டா?" வள்ளியம்மாளின் குரல் சட்டென்று இறங்கியது. "இந்த வருசத்துக்கே எனக்கு அதான் சார். மழைக்குத் தப்புனதே அவ்ளோதான். கேஸுன்னு வெச்சுக்கினா அது அங்கயே மக்கிப்பூடும் சார்."

ஏட்டு தானியேல் பக்கம் திரும்பினார். "அடியில சிக்கினது உங்களுக்குத் தெரியவே இல்லியா சார்? சத்தம், வாசம்?"

"ஒண்ணும் இல்ல சார். திடீர்னு." சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தான். "கேளுங்க, கூடத்தான இருந்தா."

கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை அந்தப் பார்வையில். முத்திரை குத்துவதற்கு முன் பொருளைத் திருப்பிப் பார்ப்பானே, அந்தப் பார்வை. பாஸ் ஆகும் என்று அவனுக்கு நிச்சயம். இத்தனை வருடமும் ஆகியிருக்கிறது. குழம்பில் உப்பு இல்லை என்றால் இல்லை, அவள் தம்பி திருடன் என்றால் திருடன். வீட்டுக்குள் ஒரு மனிதனை இப்படி நம்பித் தொலைப்பது பெரிய கஷ்டமில்லை. ரோட்டில் இன்னொருத்தியின் சோற்றை வைத்துக்கொண்டு செய்வதுதான் முடியவில்லை. பிரிசில்லாவுக்குக் கோபம்கூட வரவில்லை. கெட்டுப்போன பாலைப் பார்க்கும்போது வருமே, அதுதான் வந்தது.

"வாசம் வந்துச்சு சார்" என்றாள். "சொன்னேன். டேனரி வாசனைன்னாரு. ஒரசுற சத்தம் வந்துச்சு. அதையும் சொன்னேன். எறங்கல. கொள்ளுமேல வண்டிய நிறுத்தி முன்ன பின்ன ஓட்டுனதும் இவருதான். அந்தம்மா நிக்காதன்னுதான் சொன்னாங்க."

"சார், இவளுக்கு சைனஸ்! மூக்கே வேலை செய்யாது சார்!"

ஏட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப யாரு மூக்கு சார் வேலை செஞ்சுது?"

மக்பூல் லாரிப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான்.

"ரோட்ல போட்டது தப்பு. பொழுது சாயறதுக்குள்ள ஓரம் பண்ணிடு" என்று வள்ளியம்மாளிடம் சொல்லிவிட்டு ஏட்டு பைக்கை உதைத்தார். அவள் கும்பிட்டாள். யாரைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் பொதுவாக ஒரு கும்பிடு. காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு ஓட்டமாகத் திரும்பினாள்.

தானியேல் கடிகாரத்தை மார்போடு அணைத்தபடி மக்பூலின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். தோலில் வழிந்த உப்புத்தண்ணீர் பின்னாலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"பிரிசி, ஏறு. லேட்டாவுது."

அவள் அசையவில்லை.

"ஏறப் போறியா இல்லியாடி?"

கரிக்கூடாக நின்ற காரின் அடியில் மைனாக்கள் இறங்கியிருந்தன. கொடியோடு சேர்ந்து வறுபட்ட கொள்ளு அங்கங்கே வெடித்துக் கிடந்தது. ஒரு மைனா ஒன்றைக் கொத்தியது. சூடு தாங்காமல் போட்டது. தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு மறுபடி கொத்தியது. லாரி ஹாரன் அடித்தது. பறவைகள் எழும்பவில்லை. பிரிசில்லா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.