அஸ்கியா இஸ்மாயிலின் அப்பா

…இரண்டரை வருடம்தான் ஆண்டானாம் இந்த அஸ்கியா இஸ்மாயில், சொங்காய்ப் பேரரசு, ஆப்பிரிக்காவில், நைஜர் ஆற்றங்கரையில், ஐந்நூறு வருடத்துக்கு முந்தி… ஊருலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாத ராசாவை எங்கே பிடித்தாளோ என் மகள் ரூபிகா, பள்ளிக்கூட ப்ராஜெக்ட்டாம், எங்கள் ஊர் கேட்டியில் ஃப்ரீவே ஏறியதிலிருந்து பின் சீட்டில் வாசித்துப் பழகுகிறாள். இஸ்மாயிலின் அப்பா பேரரசர், கண் தெரியாமல் போனதும் மூத்த மகன் பதவியைப் பறித்தான், அடுத்துப் பட்டத்துக்கு வந்த கிழவரின் தம்பி மகன் அவரை ஆற்றுத் தீவொன்றில் கொண்டுபோய் விட்டான், கொசுவும் தவளையும், இஸ்மாயில் பட்டத்துக்கு வந்து அவரைத் திருப்பி அழைத்து வந்தான். "ஹீ வென்ட் அண்ட் காட் ஹிம், அப்பா" என்கிறாள். நல்லது, கெட்டிக்காரன்… நானும் அப்பாவைப் பார்க்கத்தானே போகிறேன், சனிக்கிழமை தவறியதில்லை, அது தீவு இல்லை, முதியோர் இல்லம், ஏசி உண்டு, நர்ஸ் உண்டு, ஒரு கொசு கிடையாது, இதையெல்லாம் யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்? நானும் மனைவி வதனியும் வேலைக்குப் போனபிறகு அடுப்பை மூட்டிவிட்டு மறந்துபோகிற மனிதரை வேறென்ன செய்வது, எத்தனை தடவை ஃபயர் அலாரம் அடித்தது… சரி, ஒரு தடவை. ஒரு தடவைதான்.

வாசலிலேயே நர்ஸ் மறித்தாள். மூன்று மாதத்தில் பதினாறு பவுண்டு குறைந்துவிட்டாராம், ஒவ்வொரு வேளையும் கேட்கிறோம், வேண்டாம் என்கிறார், வற்புறுத்த எங்களுக்கு அனுமதியில்லை என்று தாளை நீட்டினாள், வரிக்கு வரி மறுத்தார், மறுத்தார்… எத்தனை தடவை கேட்பீர்கள் என்றேன், அவள் விழித்தாள், வேளைக்கு ஒரு தடவை என்றாள். ஒரு தடவை. அப்பாவை அறியாதவனா நான், யாழ்ப்பாணத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் முதல் தடவை வேண்டாம், இரண்டாம் தடவையும் வேண்டாம், மூன்றாம் தடவைதான் கை நீட்டலாம், அவசரப்பட்டு பிஸ்கட் எடுத்ததற்குத் தொடையில் கிள்ளு வாங்கியவன்தானே… மூன்று மாதமாக இந்த மனிதர் இரண்டாம் தடவைக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அறையில் ரூபிகா தன் ராசாவைச் சொல்லிக்கொண்டிருந்தாள், அப்பா கவனமாகக் கேட்டார். "அந்தத் தீவில எத்தினை வருசம் பிள்ளை வைச்சிருந்தவங்கள்?" "சிக்ஸ் இயர்ஸ், அப்பப்பா." நான் தட்டை எடுத்துவந்து சாப்பிடுங்கோ என்றேன், வேண்டாம், சாப்பிடுங்கோவன் அப்பா, வேண்டாம் தம்பி, கொஞ்சமாவது சாப்பிடுங்கோவன்… "சரி, கொஞ்சம்." முழுத் தட்டையும் வழித்துத் தின்றார், குனிந்த பிடரியில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது, பார்க்க முடியவில்லை.

அதே வேகத்தில் கேட்டுவிட்டேன், "வீட்ட வாறீங்களே அப்பா?" அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "வேண்டாம் தம்பி, இஞ்ச நல்லாத்தான் இருக்கு." இங்கே கொண்டுவந்து விடுவதற்கு முதல்நாளும் கேட்டேன், விருப்பமில்லையென்றால் வீட்டிலேயே இருங்கள் என்று, அப்போதும் இதே வேண்டாம்தான், நான் உடனே பேச்சை மாற்றினேன்… வழக்கம் மறந்துபோயா மாற்றினேன்? இப்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்னும் இரண்டு தடவை கேட்டால் வந்துவிடுவார். அது தெரிவதால்தான் வாய் திறக்கமாட்டேன் என்கிறது.